பனிக்குடிலில் ஒரு படுக்கை

ஏரி உறைந்திருந்தபோது நடந்தது.
இப்போது மே.
குற்றம் நடந்த இடத்தில்
ஒரு வாத்து நீந்திக்கொண்டிருக்கிறது.

என் மேசையில் ஒரு தாள், தாள் நிறையக் கட்டங்கள்.
மேலிருந்து கீழாகக் குற்றத்தின் கனம்,
இடமிருந்து வலமாக ஆளின் பழங்கணக்கு.
ஒரு விரலைக் குறுக்கே ஓட்டி
இன்னொரு விரலை இறக்கினால்
இரண்டும் முட்டிக்கொள்ளும் கட்டத்தில் ஓர் எண்:
மாதங்கள்.
தாளின் நடுவே படிக்கட்டு போல ஒரு தடித்த கோடு.
கோட்டுக்கு இந்தப் பக்கம் சிறை,
அந்தப் பக்கம் வீடு,
மாதம் ஒருமுறை என் அலுவலகத்தில் கையெழுத்து.

ரோரி கங்காஸ், வயது நாற்பத்தொன்று.
மரம் அறுக்கும் ஆலையில் வேலை, ஆலை மூடும்வரை.
ஜனவரியில் ஒரு செவ்வாய் இரவு
மெர்ல் ஓஸ்ட்பியின் மீன்பிடிக் குடிலில் பூட்டை உடைத்தான்.
எடுத்தது பனி துளைக்கும் இயந்திரம்,
ஒரு கேஸ் அடுப்பு.
இயந்திரத்துக்கு ரசீது இருக்கிறது: அறுநூற்று நாற்பது டாலர்.
அடுப்பு நானூறு பெறும் என்கிறார் மெர்ல்.
முந்நூற்றுப் பத்துக்கு மேல் ஒரு காசு தரமாட்டேன்
என்கிறார் பழைய சாமான் கடைக்காரர்.
ஆயிரத்தைத் தொட்டால் பெருங்குற்றம்,
தொடாவிட்டால் சிறுகுற்றம்.
துருப்பிடித்த ஓர் அடுப்பின் மேல்
ஒரு மனிதன் ஒற்றைக்காலில் நின்றான்
மூன்று வாரம்.

அடுப்பல்ல விஷயம் என்று பிறகுதான் தெரிந்தது.

அடியில் சறுக்குக் கட்டை இருக்கிறதே, அது வண்டியா?
சுவரும் கூரையும் உண்டு, கட்டடமா?
அரசு வழக்கறிஞர் மெதுவாகக் கேட்டார்:
அங்கே தூங்குவீர்களா, மிஸ்டர் ஓஸ்ட்பி?
மெர்லுக்குப் பெருமை தாங்கவில்லை.
அருமையான படுக்கை போட்டிருக்கிறேன்,
வாரம் மூன்று இரவு,
மனைவியோடு சண்டை என்றால் நான்கு.
நீதிமன்றம் சிரித்தது.
ரோரியும் சிரித்தான்.
அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்
குடில் குடியிருப்பாகிவிட்டது,
அவன் இரண்டு வரிசை மேலே போய்விட்டான்.
யாரும் அவனிடம் சொல்லவில்லை.

பழங்கணக்கு என் வேலை.
பத்தொன்பது வயதில் சிநேகிதனின் டிரக்: அரைப் புள்ளி.
இருபத்தாறில் ஒரு செல்லாத காசோலை: அரை.
அரையும் அரையும் ஒன்று.
தனியாக ஓர் அரை மிஞ்சினால் உதறிவிடலாம்,
இந்தத் தாளுக்கு இரக்கம் என்று ஒன்று இருந்தால்
அது அந்த அரையில்தான்.
அவனுக்கு மிஞ்சவில்லை.

எந்த வரிசையிலும் சேராதவை சில இருந்தன.
போகும்போது கதவைக் கம்பியால் கட்டிவிட்டுப் போயிருக்கிறான்,
காற்றில் அடித்துக்கொள்ளாமல்.
குடிலுக்கு வெளியே துளைத்துப் பார்த்த குழியில்
ஒரு தேவதாருக் கிளையை நட்டுவைத்திருக்கிறான்,
இருட்டில் யாரும் கால்விடக் கூடாதென்று.
குறிப்புகளுக்கு மூன்று வரி இடம்.
எழுதினேன். கிளை இரண்டாம் வரியில் வந்தது.

நீதிபதி செர்னி கண்ணாடியைக் கழற்றி
மூன்று வரியையும் படித்தார், இருமுறை படித்திருக்கலாம்.
கட்டத்தைவிட்டு விலக அவருக்கு அதிகாரம் உண்டு,
ஆனால் காரணம் எழுத வேண்டும்,
அந்தக் காரணத்தை மேலே ஒருவர் படிப்பார்.
கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.
இருபத்தொரு மாதம்.

வாகன நிறுத்தத்தில் மெர்ல் காத்திருந்தார்.
பிக்கப்பின் பின்னால் திரும்பக் கிடைத்த இயந்திரம்,
கைப்பிடியில் இன்னும் நீதிமன்றச் சீட்டு.
அது வெறும் பலகைதான் என்றார்,
மேலே ஒரு பழைய சோபா மெத்தை.
பலகை என்றே நான் சொல்லியிருந்தால்?

தெரியாது என்றேன்.
சாவியைத் தேடுவதுபோல் பைக்குள் கையை விட்டேன்.
விரல்கள் தாமாகவே
இரண்டு வரிசை கீழே இறங்கின.